முத்தரப்புக் குழுவில் உட்காரப் போகிறேன். எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

கேள்வி: மூன்றாம்ஷிப்ட்

நண்பர்களே, வணக்கம். மெஷின் ஷாப்பில் வேலை செய்கிறேன். அண்மையில் நடந்த சங்கத் தேர்தலில் என்னைச் செயற்குழுவுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். மேடையில் பேசத் தெரியும், கேட் மீட்டிங் நடத்தத் தெரியும். பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்த அனுபவம் மட்டும் இல்லை.

இப்போது எங்கள் தொழில்துறை முழுவதற்குமாக ஒரு முத்தரப்புக் குழு வருகிறது. முதலாளிகள் சங்கம், தொழிற்சங்கங்கள், தொழிலாளர் துறை மூன்றுக்கும் சம எண்ணிக்கையில் இடம். ஓட்டெடுப்பு கிடையாது, எதையும் ஒருமித்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். எங்கள் சங்கத்தின் சார்பில் போகிறவர்களில் நானும் ஒருவன்.

முதல் கூட்டத்துக்கு முன்பே ஒரு வரைவுத் தாள் வந்துவிட்டது. மூன்று ஆண்டு ஒப்பந்தம். ஊதிய உயர்வு விலைவாசி ஏற்றத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். மூன்று ஆண்டும் வேலைநிறுத்தம் கூடாது. பதிலுக்கு, நிறுவனங்கள் ஆட்குறைப்பைத் தவிர்க்கும், திறன் பயிற்சிக்கு ஒரு நிதி ஒதுக்கும். அரசு சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பில் சலுகை தரும். சுருக்கமாக இவ்வளவுதான்.

எங்கள் சங்கத்துக்குள்ளேயே இரண்டு பேச்சு. மூத்தவர்கள், "சண்டை போட்டுச் சண்டை போட்டு என்ன கண்டோம், உட்கார்ந்து பேசினால்தான் காரியம் நடக்கும்" என்கிறார்கள். என் வயதுக்காரர்களோ, கையைக் கட்டிப்போடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். எனக்கு இரண்டிலும் நியாயம் தெரிகிறது. போன ஆண்டு பக்கத்து யூனிட்டில் வேலைநிறுத்தம் நீண்டுபோய், அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான்.

இந்த முறை எங்காவது உண்மையிலேயே தொழிலாளிக்கு நன்மை செய்திருக்கிறதா? செய்திருந்தால், எதனால் செய்தது? கையெழுத்துப் போடும் முன் நான் எதைப் பார்க்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பணியாளர்துறை

மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பழகியவன், அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன். நிறுவனங்கள் இதை விரும்புவதற்குப் பெரிய காரணம், அடுத்த மூன்று ஆண்டு கூலிச் செலவு என்ன ஆகும் என்று இன்றே தெரிந்துவிடும் என்பதுதான். அது தெரிந்தால் புது மெஷின் வாங்கலாமா, ஆர்டர் எடுக்கலாமா என்று தைரியமாக முடிவெடுக்கலாம். இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை.

அயர்லாந்தைப் பாருங்கள். 1987-ல் அங்கே வேலையில்லாத் திண்டாட்டம் 17 சதவீத அளவில் இருந்தது. இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள், விவசாய அமைப்புகள் எல்லோரும் சேர்ந்து ஓர் உடன்பாடு போட்டார்கள். ஊதிய உயர்வு ஆண்டுக்கு 2.5 சதவீதம், மூன்று ஆண்டுக்கு. பதிலுக்கு அரசு வருமான வரியைக் குறைத்தது. கையில் வரும் சம்பளம் அதனால் கூடியது. அதற்கடுத்த உடன்பாடு, அதற்கும் அடுத்தது என்று இருபது ஆண்டுக்கு மேல் அந்த வழக்கம் நடந்தது. அந்தக் காலத்தில்தான் அந்த நாடு எழுந்து நின்றது. உடன்பாடு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், வெளிநாட்டு முதலீடு பெருமளவில் வந்ததும் உண்டு. ஆனால் அந்த முதலீடு வர, சச்சரவு இல்லாத தொழில்துறையும் ஒரு காரணம்.

தம்பி, சந்தேகத்தோடு போங்கள், அது தப்பில்லை. ஆனால் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

பதில்: வாயிற்கூட்டம்

தம்பி மூன்றாம்ஷிப்ட், உன் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். நான் தையல் பிரிவிலிருந்து சங்கத்துக்கு வந்தவள். ஒப்பந்தப் பேச்சுகளில் பல காலம் உட்கார்ந்திருக்கிறேன், இப்போது புதிதாகத் தேர்வாகும் செயற்குழுக்காரர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். பணியாளர்துறை சார் சொன்ன அயர்லாந்துக் கதையின் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குகிறேன். 2008-ல் நெருக்கடி வந்தது. 2009 டிசம்பரில் அரசு தன் ஊழியர்களின் சம்பளத்தைத் தானே பட்ஜெட்டில் வெட்டியது. பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே அது முறிந்து, அரசு தனியாக முடிவெடுத்தது. இருபது ஆண்டுக்கு மேல் நடந்த ஏற்பாடு அதோடு நின்றது. நல்ல காலத்தில் எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது எளிது. கெட்ட காலத்தில் யார் எதை விட்டுக்கொடுப்பார் என்று முன்கூட்டியே எழுதாத உடன்பாடு கெட்ட காலத்தில் நிற்காது.

இந்த முறைக்கு உலகம் காட்டும் பெரிய உதாரணம் நெதர்லாந்து. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உன் வரைவுத் தாளும் அதே அச்சில்தான் இருக்கிறது.

போர் முடிந்த கையோடு 1945-ல் அங்கே தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் சேர்ந்து தொழிலாளர் அறக்கட்டளை என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். 1950-ல் சமூகப் பொருளாதாரக் குழு வந்தது. அதில் முதலாளிகள் ஒரு பங்கு, சங்கங்கள் ஒரு பங்கு, அரசு நியமிக்கும் நிபுணர்கள் ஒரு பங்கு. ஆனால் இவையெல்லாம் இருந்தும் எழுபதுகளில் ஒன்றும் நடக்கவில்லை. ஊதியம் விலைவாசியோடு தானாக ஏறியது, லாபம் சரிந்தது, ஆலைகள் மூடின, வேலையில்லாதவர் வரிசை நீண்டுகொண்டே போனது. குழு இருந்தால் உடன்பாடு வந்துவிடும் என்று நினைக்காதே.

1982 நவம்பரில் ரூட் லூபெர்ஸ் தலைமையில் புது அரசு வந்தது. நீங்களாகப் பேசி முடிக்கிறீர்களா, இல்லை நான் சட்டம் போட்டு ஊதியத்தை நிறுத்தி வைக்கட்டுமா என்பதுதான் அதன் நிலை. அந்த நெருக்கடியில் சங்கக் கூட்டமைப்பின் தலைவர் விம் கோக்கும் முதலாளிகள் சங்கத் தலைவர் கிறிஸ் வான் வேனும் வாசெனார் என்ற ஊரில் வான் வேனின் வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். 24 நவம்பர் 1982-ல் உடன்பாடு வந்தது. சங்கங்கள் விலைவாசிக்கேற்பத் தானாக ஏறும் ஊதியத்தை விட்டுக்கொடுக்கும். முதலாளிகள் வேலை நேரத்தைக் குறைக்கச் சம்மதிப்பார்கள், அப்போது இருக்கிற வேலையை இன்னும் அதிகம் பேர் பகிர்ந்துகொள்ளலாம். வாரம் 40 மணி நேரம் பல துறைகளில் 38 ஆனது அதன் தொடர்ச்சிதான்.

இதில் நீ கவனிக்க வேண்டியது, அந்தத் தாள் மிகச் சிறியது என்பது. அது யாரையும் கட்டுப்படுத்தவும் இல்லை, பரிந்துரைதான். ஒவ்வொரு துறையிலும் சங்கமும் முதலாளியும் தனித்தனியாக உட்கார்ந்து, அதைத் தங்கள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார்கள். அதாவது மேலே இரு தரப்பும் போட்ட கையெழுத்து கீழே ஒவ்வோர் ஆலையிலும் ஒரு ஷரத்தாக மாறியது. மாறும் அளவுக்குக் கீழே சங்கம் உயிரோடு இருந்தது. அதோடு, துறையில் பெரும்பான்மைத் தொழிலாளரை உள்ளடக்கும் ஒப்பந்தத்தைத் துறை முழுவதற்கும் கட்டாயமாக்க அமைச்சருக்கு அதிகாரம் தரும் சட்டம் 1937-லிருந்தே அங்கே இருக்கிறது. நல்ல முதலாளி ஒப்பந்தப்படி கொடுக்க, பக்கத்து ஆள் மலிவுக் கூலியில் அவரை அடித்துப்போடுவது அதனால் நடக்காது. உன் குழுவில் அரசு உட்காருவதற்கு உண்மையான பயன் இதுதான். பங்களிப்புச் சலுகை இரண்டாம்பட்சம். நீ போய் முதலில் கேட்க வேண்டியது, "இந்த ஒப்பந்தம் சங்கமே இல்லாத யூனிட்டுக்கும் பொருந்துமா?" என்று.

நன்மை செய்ததா என்று கேட்டாய். வேலை பெருகியது, அதில் சந்தேகமில்லை. பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்தார்கள், பகுதிநேர வேலை மதிப்புள்ள வேலையானது. ஆனால் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் உண்மை ஊதியம், அதாவது விலைவாசி ஏற்றத்தைக் கழித்த ஊதியம், நகரவே இல்லை. அரசு அதே வேகத்தில் தன் ஊழியர்களின் சம்பளத்தையும், குறைந்தபட்ச ஊதியத்தையும், உதவித்தொகைகளையும் 3 சதவீதம் வெட்டியது. 1983 இலையுதிர் காலத்தில் அரசு ஊழியர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலில் திட்டமிட்ட வெட்டு 3.5 சதவீதம், வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அது 3 ஆனது. ஒருமித்த முடிவுக்குப் பேர்போன நாட்டிலேயே அரைச் சதவீதம் தெருவில் இறங்கித்தான் திரும்பக் கிடைத்தது.

அதனால்தான் உன் தாளில் இருக்கும் வேலைநிறுத்த ஷரத்து எனக்கு உறுத்துகிறது. ஒப்பந்தக் காலத்தில் அமைதி காப்பது உலகம் முழுவதும் உள்ள வழக்கம்தான். ஸ்வீடனில் 1931-ல் ஓடாலென் பகுதியில் ஊர்வலம் போன தொழிலாளர் மீது ராணுவம் சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஏழு ஆண்டு கழித்து, 1938 டிசம்பரில், சால்ட்ஷோபாதென் என்ற இடத்தில் முதலாளிகளும் சங்கமும் உடன்பாடு போட்டார்கள். எதையெல்லாம் பேசித் தீர்ப்பது, எந்தப் போராட்ட முறைகளைத் தவிர்ப்பது, சச்சரவு வந்தால் எந்தப் படிகளில் போவது என்று விவரமாக எழுதினார்கள். அங்கும் பின்னால் அரசின் சட்ட மிரட்டல் இருந்தது. ஆனால் யாரும் வேலைநிறுத்த உரிமையைக் கொடுத்துவிடவில்லை. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும் வரை, ஒப்பந்தத்தில் பேசி முடித்த விஷயத்துக்காக, வேலையை நிறுத்துவதில்லை என்றுதான் ஏற்றார்கள். காலம் முடிந்தால் உரிமை திரும்பக் கைக்கு வரும். அந்த எல்லை உன் தாளில் எழுதியிருக்கிறதா பார். "மூன்று ஆண்டும் கூடாது" என்று மொட்டையாக இருந்தால், நிர்வாகம் ஆட்குறைப்பு செய்தால்கூட நீ வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உன் வாக்கும் அவர்கள் வாக்கும் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆட்குறைப்பு அறிவிப்பு வந்த அன்றே அமைதி ஷரத்தும் அந்த யூனிட்டில் முடிந்துவிடும் என்று எழுதச் சொல். எதிர்ப்பக்கம் அதற்கு எப்படி முகம் மாறுகிறது என்று பார்த்தாலே, அவர்கள் வாக்கு எவ்வளவு உறுதி என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, கணக்கு. எனக்குத் தெரிந்து பாதிப் பேச்சு முறிவது கொள்கையில் இல்லை, எண்ணில். நான் உட்கார்ந்த ஒரு பேச்சில் நிர்வாகம் ஒரு தாளை நீட்டியது: "சராசரி மாதச் சம்பளம் ஏற்கெனவே இவ்வளவு." நாங்கள் எங்கள் சம்பளச் சீட்டுகளைக் கூட்டினால் அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நீ பொய், நான் பொய் என்று கூட்டம் சூடாகிவிட்டது. சமரச அதிகாரி பொறுமையான மனிதர். இரண்டு பக்கக் கணக்குக்காரர்களையும் பக்கத்து அறைக்கு அனுப்பி, ஒரே தாளோடு வாருங்கள், அதுவரை இங்கே யாரும் பேச வேண்டாம் என்றார். மாலையில்தான் வந்தார்கள். விஷயம் என்னவென்றால், அவர்கள் ஓவர்டைமையும் மேற்பார்வையாளர் சம்பளத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தார்கள். அதைப் பிரித்து கிரேடு வாரியாக எழுதியதும் தகராறு பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியைத்தான் நாங்கள் உண்மையில் பேசினோம்.

நார்வேக்காரர்கள் இதை ஓர் அமைப்பாகவே ஆக்கிவிட்டார்கள். 1967-லிருந்து அங்கே ஒரு தொழில்நுட்பக் கணக்கீட்டுக் குழு இருக்கிறது. சங்கம், முதலாளி, அரசு மூன்றும் அதில் உண்டு. வசந்த காலத்தில் ஊதியப் பேச்சு தொடங்கும் முன்பே, போன ஆண்டு எந்தத் துறையில் ஊதியம் எவ்வளவு ஏறியது, விலைவாசி எவ்வளவு ஏறும் என்ற மதிப்பீடு, போட்டி நாடுகளில் கூலிச் செலவு எப்படி என்று எல்லாவற்றையும் ஒரே அறிக்கையாகத் தந்துவிடும். அந்தக் குழு ஊதியம் இவ்வளவு தா என்று சொல்லாது. எண்ணைப் பற்றிச் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஏற்றுமதித் தொழில் முதலில் பேசி முடிக்கும், மற்ற துறைகள் அதை அளவாக வைத்துக்கொள்ளும். உங்கள் குழுவிலும் ஊதியத்துக்குப் போகும் முன் ஒரு கணக்குத் துணைக்குழு வேண்டும் என்று கேள். பேலன்ஸ் ஷீட், ஆர்டர் நிலவரம், கிரேடு வாரியாகச் சம்பளம், நிரந்தரம் எத்தனை பேர், ஒப்பந்தம் எத்தனை பேர். இதைக் காட்ட மறுத்துவிட்டு நிலைமை சரியில்லை, விட்டுக்கொடுங்கள் என்று கேட்பவரோடு ஒருமித்த முடிவு எடுக்க முடியாது. அவர் சொல்வதை நம்பலாம் அல்லது நம்பாமல் இருக்கலாம், அவ்வளவுதான் உனக்கு மிச்சம்.

ஜெர்மனியில் என்ன நடந்தது தெரியுமா? 1967-ல் பொருளாதார அமைச்சர் கார்ல் ஷில்லர் மூன்று தரப்பையும் ஒரு மேசைக்கு அழைத்தார். நாட்டில் மந்தம், எல்லோரும் அடக்கி வாசியுங்கள் என்று. சங்கங்கள் ஊதியத்தை அடக்கின. மந்தம் சீக்கிரமே போய்விட்டது, லாபம் மேலே பறந்தது, ஊதியம் மட்டும் ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடந்தது. 1969 செப்டம்பரில் சங்கத்தைக் கேட்காமலே தொழிலாளர்கள் எஃகு ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலையை நிறுத்தினார்கள். தலைவர்களுக்கு அது பெரிய அடி. 1976-ல் வந்த, தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு நிர்வாகத்தில் இடம் தரும் கூட்டு நிர்வாகச் சட்டத்தை எதிர்த்து முதலாளிகள் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனதும், 1977-ல் சங்கங்கள் அந்த மேசையிலிருந்தே எழுந்துவிட்டன. மேசையில் நண்பன், நீதிமன்றத்தில் எதிரி என்றால் யார் உட்காருவார்கள்? உன் தாளில் விலைவாசி எதிர்பார்த்ததைவிட ஏறினால், அல்லது லாபம் எதிர்பார்த்ததைவிடக் கூடினால், நடுவிலேயே மறுபடி பேசும் ஷரத்து கட்டாயம் வேண்டும்.

கொரியா இன்னும் கடுமையான பாடம். 1997 நெருக்கடிக்குப் பிறகு 1998 பிப்ரவரியில் முத்தரப்பு ஆணையத்தில் உடன்பாடு போட்டார்கள். ஆட்குறைப்பைச் சட்டப்படி எளிதாக்க சங்கத் தலைவர்கள் ஒத்துக்கொண்டார்கள், பதிலுக்கு ஆசிரியர்களுக்குச் சங்க உரிமை போன்றவை. சில நாளிலேயே ஒரு கூட்டமைப்பின் பிரதிநிதிகள் கூடி அந்த உடன்பாட்டை நிராகரித்தார்கள், தலைமை ராஜினாமா செய்தது. அடுத்த ஆண்டு அந்தக் கூட்டமைப்பு ஆணையத்தையே விட்டு வெளியேறியது. ஆகவே தம்பி, குழுவில் நீ "சரி" என்று சொல்லும்போதெல்லாம், சங்கப் பேரவையின் ஒப்புதலுக்கு உட்பட்டு என்று மினிட்ஸில் எழுத வை. எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு எழுந்து வா.

பதில்: ஒப்பந்தப்பணி

அக்கா சொன்னதெல்லாம் சரி. நான் கேட்க விரும்புவது ஒன்று. இந்த மூன்று தரப்பில் நான் எந்தத் தரப்பு?

ஒரே லைனில் நிரந்தரத் தொழிலாளியின் பக்கத்தில் நின்று அதே ஸ்பேனரைப் பிடிக்கிறேன். என் பெயர் ஒப்பந்தக்காரர் பட்டியலில் இருக்கிறது. சங்கத்தில் எனக்கு உறுப்பினர் அட்டை இல்லை, முதலாளிகள் சங்கத்தில் என் ஒப்பந்தக்காரர் இல்லை, தொழிலாளர் துறையின் கணக்கில் நான் இருக்கிறேனா என்றே சந்தேகம். எங்கள் யூனிட்டில் "ஆட்குறைப்பு இல்லை" என்று ஒப்பந்தம் போட்டார்கள். போட்ட காலத்திலேயே எங்களில் பாதிப் பேரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தத்தை யாரும் மீறவில்லை. நிரந்தரத் தொழிலாளி ஒருவர்கூடப் போகவில்லையே.

அக்கா சொன்ன நெதர்லாந்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. அங்கே உடல் இயலாமைக் காப்பீடு முதலாளிகளும் சங்கங்களும் சேர்ந்து நடத்தும் அமைப்புகளின் கையில் இருந்தது. எண்பதுகளில் ஆலைகள் ஆளைக் குறைக்க வேண்டியிருந்தபோது, வயதானவர்களை வேலையில்லாதவர் பட்டியலில் தள்ளாமல் இயலாதவர் பட்டியலில் சேர்த்தார்கள். உதவித்தொகை அதில் நன்றாக இருந்தது, அதனால் தொழிலாளிக்கும் சரி. பணம் பொது நிதியிலிருந்து, அதனால் முதலாளிக்கும் சரி. சங்கத்துக்குச் சச்சரவு இல்லை. இப்படி எல்லோருக்கும் சரியாக இருந்து, 1.5 கோடி மக்கள் உள்ள நாட்டில் அந்தப் பட்டியல் 9 லட்சத்தை நெருங்கியது. நாடு நோயுற்றிருக்கிறது என்று பிரதமரே சொல்லும் நிலை. அதைச் சரிசெய்ய அரசு வெட்டத் தொடங்கியபோது 1991-ல் அரசு இயங்கும் நகரமான ஹேக்கில் லட்சக்கணக்கானோர் கூடி எதிர்த்தார்கள். 1993-ல் நாடாளுமன்றமே விசாரணை நடத்தி, அந்த நிர்வாகத்தை இரு தரப்பின் கையிலிருந்தும் எடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. மேசையில் உட்கார்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் ஏமாற்றவில்லை. மேசையில் இல்லாதவர் தலையில் செலவைக் கட்டினார்கள்.

தென்னாப்பிரிக்காவில் 1995-ல் இதற்கென்று அமைத்த தேசியக் குழுவில் நான்காவதாக ஒரு தரப்பு வைத்தார்கள். மகளிர், இளைஞர், மாற்றுத்திறனாளிகள், குடிமை அமைப்புகள் போன்றவர்கள் அதில். அது முழுத் தீர்வு என்று சொல்ல வரவில்லை. ஆனால் மூன்று போதாது என்று அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

மூன்றாம்ஷிப்ட் அண்ணா, உங்கள் தாளில் "தொழிலாளர்" என்றால் யார் என்று முதல் பக்கத்தில் இருக்கும். அதில் நாங்கள் இருக்கிறோமா?

பதில்: மூன்றாம்ஷிப்ட்

எல்லோருக்கும் நன்றி. ஒப்பந்தப்பணி, நீங்கள் கேட்டதும் உடனே தாளை எடுத்துப் பார்த்தேன். "நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் உள்ள தொழிலாளர்" என்று இருக்கிறது. நீங்கள் இல்லை. இதைப் படித்துவிட்டு நேற்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

அக்கா, மூன்று விஷயம் கேட்கிறேன். ஒப்பந்தத் தொழிலாளரைச் சேர்க்கச் சொன்னால் எங்கள் உறுப்பினர்களே முணுமுணுப்பார்கள், நம் உயர்வு குறையும் என்று. அதற்கு என்ன சொல்வது? இரண்டாவது, ஒருமித்துத்தான் முடிவு என்றால் ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் எதுவுமே நடக்காதே, இழுத்தடிக்கவே அதைப் பயன்படுத்த மாட்டார்களா? மூன்றாவது, இப்படிப்பட்ட குழு எடுக்கும் முடிவுக்குச் சட்ட பலம் உண்டா?

பதில்: வாயிற்கூட்டம்

தம்பி, ஒப்பந்தப்பணி சொன்னதுதான் இந்தத் திரியிலேயே முக்கியமான பதில். நான் அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், அவர் சொன்னது இன்னும் பொருத்தம்.

உறுப்பினர்களிடம் நேராகப் பேசு. பக்கத்தில் நிற்பவன் பாதிக் கூலிக்கு அதே வேலையைச் செய்யும் வரை, நிர்வாகத்துக்கு உன்னை மாற்ற ஒரு வழி திறந்தே இருக்கிறது. அவனுடைய கூலி ஏறினால்தான் உன் வேலை நிற்கும். இதைக் கருணையாகச் சொல்லாதே, கணக்காகச் சொல். கடந்த ஐந்து ஆண்டில் உங்கள் யூனிட்டில் நிரந்தரம் எத்தனை குறைந்தது, ஒப்பந்தம் எத்தனை கூடியது என்ற இரண்டு எண்ணைக் கேட் மீட்டிங்கில் படி. அப்புறம் முணுமுணுப்பு எப்படி இருக்கிறது என்று பார்.

இழுத்தடிப்பது நடக்கும். சர்வதேச தொழிலாளர் அமைப்பையே எடுத்துக்கொள். 1919-லிருந்து மூன்று தரப்பும் சேர்ந்து நடத்தும் அமைப்பு அது, ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அதன் மாநாட்டுக்கு அரசு சார்பில் இருவர், முதலாளி சார்பில் ஒருவர், தொழிலாளர் சார்பில் ஒருவர் போவார்கள். 2012-ல் முதலாளிகள் தரப்பு, சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய 87-ஆம் உடன்படிக்கையில் வேலைநிறுத்த உரிமை அடங்காது என்று நிலை எடுத்தது. அந்த ஆண்டு விதிமுறைக் குழு எந்த நாட்டு வழக்கை விசாரிப்பது என்ற பட்டியலைக்கூட முடிவு செய்ய முடியாமல் கலைந்தது. ஆண்டுகள் பேசியும் தீராமல் 2023-ல் அந்தக் கேள்வியைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். அதனால் முதல் கூட்டத்திலேயே விதி எழுத வை. ஒரு விஷயத்துக்கு இத்தனை வாரம். முடியாவிட்டால் யாரிடம் போகும், சமரசமா, நடுவர் தீர்ப்பா. அதுவரை பழைய ஒப்பந்தமும் பஞ்சப்படியும் தொடரும். உடன்பாடு வந்தால் எந்தத் தேதியிலிருந்து அரியர்ஸ். அரியர்ஸ் தேதி எழுதிவிட்டால் இழுத்தடிப்பவருக்கு லாபம் இல்லை, அதனால் இழுக்கவும் மாட்டார்.

சட்ட பலம் தானாக வராது. இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1957-ல் இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் 15-ஆவது கூட்டத்தில் மூன்று தரப்பும் சேர்ந்து, குறைந்தபட்ச ஊதியத்தை எப்படிக் கணக்கிடுவது என்று ஒருமித்துத் தீர்மானித்தார்கள். சம்பாதிப்பவர் ஒருவர், அவரைச் சேர்த்து மூன்று நுகர்வு அலகு (பிள்ளைகளை முழு ஆளாக எண்ணாத கணக்கு). ஒரு பெரியவருக்கு 2,700 கலோரி. தலைக்கு ஆண்டுக்கு 18 கஜம் துணி, நால்வர் குடும்பத்துக்கு 72 கஜம். வீட்டு வாடகை. எரிபொருள், விளக்கு, மற்றவைக்கு மொத்தத்தில் 20 சதவீதம். எவ்வளவு அழகான தெளிவு பார், கஜக் கணக்கில் துணி வரை எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது பரிந்துரைதான், பல காலம் அப்படியே கிடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு மருந்து நிறுவனத்தின் பஞ்சப்படி வழக்கில் அதை எடுத்து, பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், முதுமை, திருமணம் போன்றவைக்கு இன்னொரு 25 சதவீதம் சேர்த்து, குறைந்தபட்ச ஊதியத்துக்கு இதுவே அளவு என்றது. ஒருமித்து எழுதிய ஒரு நல்ல தாள், அதைக் கையில் எடுத்துப் போராட ஒரு சங்கம் இருந்ததால் உயிர் பெற்றது. ஆகவே உங்கள் குழு முடிவை ஒவ்வொரு யூனிட்டிலும் பதிவு செய்த ஒப்பந்தமாக மாற்ற, இத்தனை நாளுக்குள் என்று கெடு கேள். அதை யார் சரிபார்ப்பார் என்றும் கேள். அந்தச் சரிபார்ப்புக் குழுவில் ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் இருக்க வேண்டும்.

பணியாளர்துறை சார், நீங்கள் இன்னும் இந்தப் பக்கம் வருகிறீர்களென்றால் ஒன்று சொல்லுங்கள். ஆட்குறைப்பு நடந்தால் அமைதி ஷரத்து முடிந்துவிடும் என்று நான் சொன்னதை உங்கள் பக்கம் ஏற்குமா?

பதில்: பணியாளர்துறை

உண்மையைச் சொன்னால், முதல் கூட்டத்தில் ஏற்காது. முப்பது நாள் முன்னறிவிப்பு, அந்த முப்பது நாளில் கணக்கைத் திறந்து காட்டிப் பேச்சு, அதற்குப் பிறகும் ஆட்குறைப்பு நடந்தால் ஷரத்து விலகும் என்று எழுதினால் மூன்றாம் கூட்டத்தில் ஏற்கும் என்று நினைக்கிறேன். நான் அங்கே இருந்தால் ஏற்பேன். கணக்குத் துணைக்குழு யோசனையை முதலாளிகள் தரப்பே முதலில் வைக்க வேண்டியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: மூன்றாம்ஷிப்ட்

சார், அந்த முப்பது நாள் வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடுகிறது. தொழிலாளர் என்ற வரையறையில் ஒப்பந்தப் பணியாளரைச் சேர்ப்பது முதல் திருத்தம். கணக்குத் துணைக்குழு, அரியர்ஸ் தேதி, அமைதி ஷரத்துக்கு எல்லை, இவை அடுத்து. ஒப்பந்தப்பணி, உங்கள் யூனிட்டில் எத்தனை பேரை, எந்த மாதத்தில் நிறுத்தினார்கள் என்ற விவரம் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா? பெயர் எதுவும் வேண்டாம், எண்ணிக்கை போதும். அதை வைத்துத்தான் பேரவையில் பேசப் போகிறேன்.